கொடைக்கானல் ஹனிமூன்ல இத்தாலி ஹோட்டலா? மெனு முதல் பில் வரை தெரிஞ்சுக்க வேண்டியவை

கல்யாணம், மறுவீடு, சொந்தக்காரங்க வீட்டு விருந்து எல்லாம் ஓய்ந்த பிறகு, காந்திகிராமம், சின்னாளபட்டி பக்கத்துப் புதுமணத் தம்பதிகளுக்கு ‘எங்கே போகலாம்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: கொடைக்கானல். செம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் ஏரிக்கரை. சொந்த மாவட்டத்துக்குள்ளேயே ஹனிமூன்.

பகலில் போட்டிங், தூண் பாறை, கோக்கர்ஸ் வாக். ராத்திரி ஆனதும், ‘பிரியாணிதான் திண்டுக்கல்லயே கிடைக்குமே, இங்க வேற ஏதாவது சாப்பிடலாம்’ என்று தோன்றும். விறகு அடுப்பு வாசனை இழுக்க, பி.டி. ரோட்டில் ஒரு இத்தாலியன் ரெஸ்டாரண்டுக்குள் ஜோடியாக நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மெழுகுவர்த்தி, மெல்லிய இசை, கையில் மெனு கார்டு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

“ஏங்க, இதுல எது நம்ம சாப்பிடுற மாதிரி இருக்கும்?”

“நீயே பார்த்துச் சொல்லு. எனக்கு எதுனாலும் ஓகே.”

இரண்டு பேருக்குமே தெரியாது. வெயிட்டரிடம் கேட்கக் கூச்சம். கடைசியில் தெரிந்த ஒரே பெயரான மார்கரிட்டா பீட்சாவையும் ‘ஒயிட் சாஸ் பாஸ்தா’வையும் சொல்லிவிட்டு, பில் வந்ததும் சத்தமில்லாமல் பணம் கட்டிவிட்டு வருவார்கள். அந்தக் கூச்சம் தேவையே இல்லை. பெயர்தான் புதுசு, பொருளெல்லாம் நம் அடுப்படியில் இருப்பதுதான்.

கொடைக்கானலுக்கு இந்தச் சாப்பாடு எப்படி வந்தது?

மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்க 1845-ல் வீடு கட்டிக் குடியேறிய இடம்தான் இன்றைய கொடைக்கானல். சுமார் 2,100 மீட்டர் உயரம், ஐரோப்பா மாதிரி குளிர். 1901-ல் தொடங்கிய பள்ளி, இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலாக வளர்ந்தது. பல நாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் வந்து தங்கினார்கள். பிரெட், சீஸ், கேக், சாக்லேட் எல்லாம் ஊரோடு ஒட்டிக்கொண்டன. ‘கொடை சீஸ்’ என்ற பெயரும் வெளியூர்க் கடைகள் வரை போய்ச் சேர்ந்தது. இன்று பி.டி. ரோட்டில் இருக்கும் கிளவுட் ஸ்ட்ரீட் போன்ற இடங்கள் விறகு அடுப்பு பீட்சாவுக்குப் பேர்போனவை.

இது பணக்காரச் சாப்பாடா?

தட்டும் விலையும் அப்படி நினைக்க வைக்கும். ஆனால் பீட்சா, நேப்பிள்ஸ் நகரத்து ஏழைத் தொழிலாளர்கள் தெருவில் வாங்கிச் சாப்பிட்ட பண்டம். மாவு, தக்காளி, பூண்டு, எண்ணெய். அவ்வளவுதான். அதைச் சுடும் நேப்பிள்ஸ் கைப்பக்குவத்தை 2017-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு விஷயம். தக்காளி இத்தாலியின் சொந்தப் பயிரே கிடையாது. 16-ம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. அதே கண்டத்திலிருந்து, ஏறக்குறைய அதே காலத்தில், போர்ச்சுக்கீசியர் மூலம் நமக்கு வந்ததுதான் மிளகாய். இத்தாலிக்காரர் தக்காளியையும் நாம் மிளகாயையும் ‘காலங்காலமா நம்மளோடது’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மெனுவில் இருப்பது என்ன?

முதலில் பாஸ்தா. கெட்டியான ஒரு கோதுமை ரகத்தின் ரவையில் செய்வது. நம் சேமியாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். ஸ்பகெட்டி என்றால் நீளக் கயிறு மாதிரி. பென்னே என்றால் சாய்வாக வெட்டிய குழாய். ஃபார்ஃபல்லே என்றால் பட்டாம்பூச்சி வடிவம். வடிவம்தான் வேறு, மாவு ஒன்றுதான். ருசியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சாஸ்:

* அல்யோ எ ஓல்யோ: பெயரின் அர்த்தமே ‘பூண்டும் எண்ணெயும்’. ஆலிவ் எண்ணெயில் பூண்டை வதக்கி, மிளகாய்த் துகள் தூவி, ஸ்பகெட்டியைப் புரட்டி எடுப்பார்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ‘மலைப்பூண்டுல செய்வீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.
* அராபியாட்டா: ‘கோபக்கார’ சாஸ் என்று அர்த்தம். தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய். காரம் இல்லாமல் சாப்பாடு இறங்காத திண்டுக்கல் நாக்குக்கு முதல் சாய்ஸ் இதுதான்.
* பெஸ்தோ: பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, சீஸ், ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த பச்சை விழுது. பேசில் நம் துளசிக்குச் சொந்தக்காரச் செடி. மொத்தத்தில் இதை ஒரு துவையல் எனலாம்.
* ஆல்ஃப்ரெடோ: ரோம் நகரத்து அசல் செய்முறையில் வெண்ணெயும் சீஸும் மட்டுமே. கிரீம் ஊற்றுவது அமெரிக்காவில் சேர்ந்த பழக்கம்.

அடுத்து ரிசோட்டோ. அரிசிச் சாப்பாடுதானே என்று பிரியாணியை எதிர்பார்த்து ஆர்டர் செய்தால் ஏமாற்றம்தான். பிரியாணிக்குச் சீரகச் சம்பா உதிரி உதிரியாக நிற்க வேண்டும். ரிசோட்டோவுக்கு ஆர்போரியோ போன்ற மாவுச்சத்து அதிகமுள்ள அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான சாறு ஊற்றிக் கிண்டுவார்கள். குழைவாக வரும். வெண்பொங்கல் பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

புருஸ்கெட்டா என்பது சுட்ட பிரெட் மேல் பூண்டு தேய்த்து, தக்காளி வைத்துத் தருவது. இத்தாலிய மொழியில் ‘சி-எச்’ எழுத்துகள் சேர்ந்து வந்தால் ‘க’ ஒலி. அதனால்தான் ‘புருஷெட்டா’ இல்லை, ‘புருஸ்கெட்டா’. தப்பாகச் சொன்னாலும் ஒன்றும் ஆகாது, வெயிட்டருக்குப் புரியும்.

‘பாஸ்தா வேகலையே?’

முதல் தடவை சாப்பிடுபவர்களின் முக்கியப் புகார் இதுதான். பாஸ்தாவைக் குழைய வேகவிடாமல், பல்லில் கடிபடும் பதத்தில் எடுப்பதுதான் இத்தாலிய முறை. ‘அல் டென்டே’ என்பார்கள். பிடிக்கவில்லை என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும்’ என்று சொல்லிவிடலாம். காசு கொடுப்பவர் நீங்கள்.

ஃபோர்க் பிடிக்கத் தெரியவில்லையா? பீட்சாவைக் கையில் எடுத்துச் சாப்பிடுவது உலகம் முழுக்க சகஜம். பாஸ்தாவையே நேப்பிள்ஸ் தெருக்களில் 19-ம் நூற்றாண்டு வரை கையால் தூக்கி, அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டார்கள். அதனால் பக்கத்து டேபிளைப் பார்த்துப் பதற வேண்டாம்.

வெஜ் என்றால் வெஜ்தானா?

வீட்டுக்காரர் அசைவம், மனைவி சைவம், அல்லது இருவருமே சைவம் என்றால் கவனிக்க வேண்டிய பகுதி இது. இத்தாலிக்காரரான ராபர்ட் டி நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்து, தமிழ் கற்று, அசைவத்தையே விட்டுவிட்டு வாழ்ந்தார். ஆனால் அவர் ஊர்ச் சாப்பாட்டில் சைவம் எது என்பது மெனுவைப் பார்த்த உடனே தெரியாது.

* அசல் பார்மிஜானோ சீஸை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் பயன்படுகிறது. நுண்ணுயிர் ரெனட்டில் செய்த வேறு சீஸ்களும் சந்தையில் உண்டு. ‘சீஸ்ல போடுற ரெனட் வெஜிடேரியனா?’ என்று கேட்பது நியாயமான கேள்வி. பெஸ்தோவுக்கும் இது பொருந்தும்.
* டிராமிசு என்ற இனிப்பில் காபியோடு பச்சை முட்டையும் சேர்ப்பது வழக்கம். சில இடங்களில் மதுவும் சேரும். முட்டை இல்லாமல் செய்யும் கடைகளும் உண்டு.
* ரிசோட்டோவில் ஒயிட் ஒயின் ஊற்றுவது வழக்கமான செய்முறை.
* சீசர் சாலட் டிரெஸ்ஸிங், புத்தனெஸ்கா சாஸ் இரண்டிலும் ஆன்கோவி என்ற சிறிய மீன் இருக்கலாம்.
* பெப்பரோனி என்பது இறைச்சி சாசேஜ். பன்றியா, கோழியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இத்தாலியில் ‘பெப்பரோனி’ என்று கேட்டால் குடைமிளகாய்தான் வரும்.

இதையெல்லாம் கேட்டால் பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். அலர்ஜி, மதம், விரதம் என்று ஆயிரம் காரணங்களுக்காக உலகம் முழுக்க ஹோட்டல்களில் கேட்கப்படும் கேள்விகள்தான் இவை. சாப்பிட்டு முடித்த பிறகு தெரிந்து, அந்த ராத்திரி முழுக்க மனசு உறுத்துவதைவிட, முன்னாடியே கேட்டுவிடுவது நல்லது.

பில்லில் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு உதாரணக் கணக்கு. பீட்சா 600 ரூபாய், பாஸ்தா 450, டிராமிசு 250 என்றால் மொத்தம் 1,300 ரூபாய்.

தனியாக இயங்கும் சாதாரண ரெஸ்டாரண்டில் ஜிஎஸ்டி 5%. அதாவது 65 ரூபாய். கட்ட வேண்டியது 1,365.

அதே சாப்பாட்டை நீங்கள் தங்கியிருக்கும் சொகுசு ரிசார்ட்டுக்குள்ளேயே சாப்பிட்டால்? அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஹோட்டல்களுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் ஜிஎஸ்டி 18%. அப்போது வரி மட்டும் 234 ரூபாய். விலை ஒன்றாகவே இருந்தாலும் 169 ரூபாய் கூடுதல். கொஞ்ச தூரம் நடந்து கடைவீதிக்குப் போனால் மிச்சம்.

அடுத்து, ‘சர்வீஸ் சார்ஜ்’. இது அரசு வரி கிடையாது. 5% ஜிஎஸ்டி உள்ள கடையில் 10% சர்வீஸ் சார்ஜ் போட்டால் 130 ரூபாய். அதற்கும் சேர்த்து ஜிஎஸ்டி கணக்கிட்டால் மொத்தம் 1,501 ரூபாய் 50 காசு ஆகிவிடும். கேட்காமல் விட்டால் 136 ரூபாய் 50 காசு போச்சு.

உணவகங்கள் பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயிருக்கின்றன.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் என்ன செய்வது? சண்டை போட வேண்டாம். ‘இதை எடுத்துட்டு பில் கொடுங்க’ என்று சொன்னால் போதும். மறுத்தால் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நன்றாகக் கவனித்துக்கொண்ட வெயிட்டருக்கு டிப்ஸ் கொடுக்க நினைத்தால், அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். அது உங்கள் இஷ்டம், கட்டாயம் இல்லை.

தண்ணீர் பாட்டில்?

கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. அதனால் பையில் ஒரு ஸ்டீல் பாட்டில் வைத்துக்கொள்வது உத்தமம். ரெஸ்டாரண்டில் ‘வாட்டர்?’ என்று கேட்டால், ‘சாதாரண குடிதண்ணி கொடுங்க’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கண்ணாடி பாட்டில் வரும், விலையோடு. பாட்டில் தண்ணீரை எம்ஆர்பி-க்கு மேல் விற்க ஹோட்டல்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. எனவே குடித்த பிறகு வாதாடிப் பயனில்லை.

அப்படியே பயணத்துக்கும் ஒரு நினைவூட்டல்: சொந்த வண்டியிலோ வாடகை காரிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் இது நடைமுறைக்கு வந்தது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை.

சரி, இரண்டு பேருக்கு எதை ஆர்டர் செய்வது?

இத்தாலியில் முழு விருந்து என்றால் முன்பசிக்கு ஒன்று, பிறகு பாஸ்தா அல்லது ரிசோட்டோ, அதன் பிறகு மீன் அல்லது இறைச்சி, கடைசியில் இனிப்பு என்று வரிசை போகும். அத்தனையும் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு புருஸ்கெட்டா, ஒரு மெல்லிய பீட்சா, ஒரு அராபியாட்டா. மூன்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டால் இரண்டு வயிறு நிறையும். இடம் இருந்தால் ஒரு இனிப்பு, இரண்டு ஸ்பூன். இத்தாலி முறைப்படி பாஸ்தா ஆளுக்கொரு தட்டு. நம்ம ஊர் முறைப்படி ‘ஒன் பை டூ’. ஹனிமூனுக்கு நம்ம முறைதான் பொருத்தம்.

இப்போது அதே டேபிளுக்குத் திரும்பலாம்.

“ஏங்க, கோபக்கார பாஸ்தான்னு ஒண்ணு இருக்காம். சொல்லட்டுமா?”

“சொல்லு சொல்லு. அப்படியே சீஸ் வெஜ்ஜானு கேட்டுரு. சர்வீஸ் சார்ஜ் உண்டானும் இப்பவே கேட்டுருவோம்.”