பென் டிரைவில் வரும் ‘சீட்டு’: பிரிண்ட் கடை கம்ப்யூட்டர்களை குறிவைக்கும் ஸ்கிரிப்ட் வைரஸ், தடுப்பது எப்படி?

சென்னை:

மயிலாப்பூர் லஸ் கார்னர், தி.நகர் உஸ்மான் ரோடு, அடையாறு எல்.பி. ரோடு என எங்கு திரும்பினாலும் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் கடைகள் உள்ளன. ஆதார் நகல், ஹால் டிக்கெட், பயோடேட்டா என்று நாள் முழுக்க யார் யாரோ கொண்டு வரும் பென் டிரைவ்கள் ஒரே கம்ப்யூட்டரில் சொருகப்படுகின்றன.

பல கடைகளில் அதே கம்ப்யூட்டரில்தான் உரிமையாளரின் பேங்க் கணக்கும் திறக்கப்படுகிறது. ‘ஆன்டி வைரஸ் போட்டாச்சு, இனி என்ன பயம்?’ என்று இருந்துவிட முடியாது.

கணக்குப்பிள்ளையும் சீட்டும்

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக் கொள்வோம். முன்பின் தெரியாத ஆளை வாட்ச்மேன் கல்லா பக்கம் விடமாட்டார். ஆனால் அந்த ஆள், ‘10 ஆயிரம் ரூபாய் கொடுத்து அனுப்பு’ என்று ஒரு சீட்டு எழுதி கணக்குப்பிள்ளையிடம் நீட்டுகிறார். யார் எழுதியது என்று கேட்காமலே கணக்குப்பிள்ளை எடுத்துக் கொடுத்தால் கல்லா காலிதான்.

கம்ப்யூட்டரில் அந்த சீட்டுக்கு பெயர் ஸ்கிரிப்ட். அதைப் படித்து அப்படியே செய்யும் கணக்குப்பிள்ளைக்கு பெயர் இன்டர்பிரெட்டர். விண்டோசில் ‘ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’, ‘பவர்ஷெல்’, லினக்சில் ‘பாஷ்’, ‘பைத்தான்’ எல்லாம் இந்த வகைதான். இவை நம்பகமான புரோகிராம்கள் என்பதால் கம்ப்யூட்டர் சந்தேகப்படுவதில்லை.

உலகையே உலுக்கிய ‘காதல் கடிதம்’

2000-ம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்சில் இருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இப்படிப்பட்ட ஒரு சீட்டுதான். இ-மெயிலில் காதல் கடிதம் போல வந்தது. ஆசையாக திறந்தவர்களின் கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் அதை நிறைவேற்றியது. படங்கள் அழிந்தன, பாட்டுகள் மறைக்கப்பட்டன.

பிரிண்ட் கடைக்காரர்களை பாடாய்ப்படுத்திய ‘ஷார்ட்கட் வைரஸ்’ பலவும் இதே வழியில் வந்தவைதான். பென் டிரைவில் இருக்கும் பைல்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். அதை கிளிக் செய்தால் மறைந்திருக்கும் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிவிடும்.

லினக்சிலும் ஓட்டை

தரமணி டைடல் பார்க்கில் செயல்படும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியது. லினக்ஸ் என்றால் வைரஸ் பயம் குறைவு என்பார்கள். ஆனால் அங்கும் இந்த கணக்குப்பிள்ளை பிரச்சினை உண்டு.

‘இந்த பென் டிரைவில் உள்ள எதையும் நேரடியாக ஓட்டக்கூடாது’ என்று லினக்சில் தடை போடலாம். ஆனால் அதில் உள்ள ஸ்கிரிப்டை இன்டர்பிரெட்டரிடம் கொடுத்தால், அது சாதாரண பைலைப் போல படித்து ஓட்டிவிடும். இந்த ஓட்டையை அடைக்க 2025 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கெர்னல் 6.14-ல் புதிய வசதி வந்தது. சீட்டை நிறைவேற்றும் முன் ‘இதை ஓட்டலாமா?’ என்று கெர்னலிடம் இன்டர்பிரெட்டர் கேட்கலாம். ஆனால் அப்படி கேட்கும் விதத்தில் இன்டர்பிரெட்டரையும் மாற்றி எழுதினால்தான் பலன் கிடைக்கும்.

மைக்ரோசாப்ட் நிறுவனமும், பழைய வி.பி.ஸ்கிரிப்டை விண்டோசில் இருந்து படிப்படியாக நீக்கப் போவதாக 2023 அக்டோபரில் அறிவித்தது.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது

* தினசரி வேலைக்கு ‘அட்மின்’ கணக்கு வேண்டாம். சாதாரண கணக்கே போதும்.

* பைல் பெயரின் கடைசி எழுத்துகள் தெரியும்படி செட்டிங் மாற்றுங்கள். வி.பி.எஸ்., ஜே.எஸ்., பி.எஸ்.1 என்று முடிந்தால் தொடாதீர்கள்.

* சர்வீஸ் என்ஜினீயரிடம் சொல்லி ஸ்கிரிப்ட் ஹோஸ்டை நிறுத்தலாம். ஆனால் சில பில்லிங் சாப்ட்வேர்களுக்கு அது தேவைப்படலாம். கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

* ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, இதை பேஸ்ட் செய்யுங்கள்’ என்று இணையத்தில் வந்தால் நம்பவே நம்பாதீர்கள். சீட்டை நீங்களே கணக்குப்பிள்ளை கையில் கொடுக்க வைக்கும் தந்திரம் இது.

* பேங்க் வேலைக்கு பென் டிரைவ் சொருகாத தனி கம்ப்யூட்டர் இருந்தால் நல்லது.

இதையும் மீறி கணக்கில் இருந்து பணம் பறிபோனால், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்க வேண்டும்.