பவானித் தண்ணீரும் பாத்திரம் துலக்கும் யந்திரமும்

நீலகிரியின் அடிவாரத்திலே, மலை ரயில் புறப்படும் இடமென்றும் உருளைக்கிழங்கு மண்டிகள் நிறைந்த இடமென்றும் வெளியூரார் அறிந்திருக்கும் மேட்டுப்பாளையத்தில், குடும்பம் நடத்துகிறவர்களைக் கேட்டால் ஊரின் விசேஷமாக அவர்கள் எடுத்துச் சொல்வது பெரும்பாலும் அதன் தண்ணீரைத்தான். பில்லூர் அணையைத் தாண்டி மலையை விட்டிறங்கி வரும் பவானி ஆற்று நீர் குழாயில் வருகிற நாளில் பருப்புச் சீக்கிரம் குழைய வேகிறது. சோப்புக் கைநிறைய நுரைக்கிறது. தலைக்கு ஊற்றினால் மயிர் சிக்குப் பிடிப்பதில்லை. அதே வீட்டில், ஆற்று நீருக்குத் தட்டுப்பாடு வரும்போது ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால், பருப்பு எத்தனை நேரம் கொதித்தும் விறைத்து நிற்க, வாளியின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவு ஏற, நுரை வரவேண்டிய இடத்தில் திரிதிரியாக ஏதோ மிதக்கிறது. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று கொங்கு நாடெங்கும் வழங்கும் இந்தப் பாகுபாடு, சமையலுக்கும் குளிப்புக்கும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், அண்மைக் காலத்தில் நம் சமையலறைக்குள் வந்து சேர்ந்திருக்கும் பாத்திரம் துலக்கும் யந்திரத்துக்கும் என்பதை, அதை வாங்கியவர்களிலேயே பலர் அறியாமலிருக்கிறார்கள்.

பொடக்காலியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரும் சாம்பலும் புளியும் கொண்டு போசிகளைத் தேய்த்த தலைமுறையின் பேத்திகள், 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வர இயலாமற்போன சமயத்தில், 'டிஷ்வாஷர்' என்னும் இந்தப் பெட்டியை அதிகமாக வாங்கத் தொடங்கினார்கள். புதிதில் அது செய்த வேலை யாவரையும் திருப்திப்படுத்தியது. மாதங்கள் சில சென்றபின்னரோ எவர்சில்வர் வட்டலில் ஒரு வெண்படலமும், டம்ளரின் அடியில் வட்டமான கறையும், குண்டாவின் விளிம்பில் காய்ந்து ஒட்டிய சோற்றுப் பருக்கையும் தென்படலாயின. விலையுயர்ந்த சோப்பு மாத்திரைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, யந்திரம் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, அதைப் பழைய பாத்திரங்களை அடுக்கிவைக்கும் அலமாரியாக உபயோகிக்கும் வீடுகளும் உண்டு. இது வீண் நஷ்டம் என்பதே என் அபிப்பிராயம். அழுக்குப் போகாத யந்திரங்களில் பெரும்பாலானவை பழுதடைந்தவை அல்ல. அவற்றுக்குள் வரும் தண்ணீரும், அந்தத் தண்ணீர் பாயும் வழியும் கவனிப்பின்றிக் கிடப்பவை.

யந்திரத்தினுள்ளே தேய்க்கிற பொருள் எதுவும் கிடையாது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடித்தளத்துக் குழிவில் 3 அல்லது 4 லிட்டர் நீர் வந்து நிற்க, அதை ஒரு பம்ப் உறிஞ்சி, கீழும் மேலுமாக அமைந்த இரண்டு சுழல் கைகளின் சிறு துளைகள் வழியாகப் பீறிட்டடிக்கச் செய்கிறது. சில துளைகள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், நீர் வெளியேறும் எதிர்விசையினாலேயே அக்கைகள் சுழல்கின்றனவேயன்றி, அவற்றைச் சுழற்றுவதற்கெனத் தனி மோட்டார் இல்லை. பாத்திரத்தில் மோதி விழுந்த நீர் வடிகட்டியின் வழியே குழிவுக்குத் திரும்பி, மறுபடியும் மேலே போகிறது. சோப்பிலுள்ள காரம் எண்ணெய்ப் பசையைப் பிரிக்க, அதனோடு சேர்ந்துள்ள நொதிகளில் ஒன்று சோற்றின் மாவுப் பொருளையும் மற்றொன்று பால், முட்டை முதலியவற்றின் புரதத்தையும் கரைக்க, 50 முதல் 70 டிகிரி வரை ஏறும் உஷ்ணம் இவற்றுக்கெல்லாம் துணை நிற்கிறது. ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றுவதனால்தான் ஒரு முழுச் சுற்றுக்குப் பத்து லிட்டரை ஒட்டிய தண்ணீர் போதுமாகிறது. அந்தச் சிக்கனமே அதன் பலவீனமும் ஆகும். ஏனெனில் வடிகட்டி அடைத்துவிட்டால், அழுக்குத் தண்ணீரே பாத்திரங்களின்மேல் திரும்பத் திரும்ப அபிஷேகமாகிறது.

நம் சமையலில் தாளிப்பில்லாத பதார்த்தம் அரிது. அதிலும், கறிவேப்பிலை தோட்டப் பயிராகவே விளையும் காரமடைப் பக்கத்தில், குழம்புக்கும் பொரியலுக்கும் அதைக் கிள்ளிப் போடுகிற கை தாராளமானது. ஆகவே, அடித்தட்டை வெளியே இழுத்துவிட்டு, வடிகட்டியை இடப்புறமாகத் திருகித் தூக்கிப் பார்த்தால், கறிவேப்பிலைக் காம்பும், புளிச் சக்கையும், கடுகும், தேங்காய்த் துருவலும் கொழகொழவென்று ஒரு பசையில் சேர்ந்திருப்பதைக் காணலாம். பழைய பல்துலக்கும் பிரஷினால் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மறுபடி பொருத்தும்போது இறுகப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அரைகுறையாகப் பொருந்தினால் அழுக்கு அதைச் சுற்றிக்கொண்டு பம்புக்கே போய்விடும். நாள்தோறும் யந்திரத்தை ஓட்டுகிற வீட்டில் வாரத்துக்கொரு முறை இதைச் செய்தல் உசிதம்.

வடிகட்டியைக் கழுவுகிறவர்களும் மறந்துவிடுவது சுழல் கைகளை. மின்தொடர்பை நீக்கிவிட்டு, கீழ்க்கையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தால், உள்ளே கடுகு உருளுகிற சப்தம் சில சமயம் தெளிவாகவே கேட்கும். துளைகளில் ஏறியிருக்கும் சுண்ணாம்பையும் சிக்கியிருக்கும் பருக்கையையும் அகற்ற, சீமாற்றிலிருந்து உருவிய தென்னை ஈர்க்கைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன். ஊசியோ கம்பியோ பிளாஸ்டிக் துளையைப் பெரிதாக்கி நீரின் வேகத்தைக் குறைத்துவிடும், ஈர்க்கோ வளைந்து கொடுத்து உள்ளே போய் வரும். ஒவ்வொரு துளையாகக் குத்திவிட்டு, ஒரு முனையைக் குழாயடியில் பிடித்து நீரைப் பாய்ச்சினால், உள்ளே கிடந்ததெல்லாம் மறுமுனையில் வெளிவந்துவிடும். பிறகு அதைப் பொருத்தி, விரலால் தட்டிவிட்டால் சுழல் கை தடையின்றிச் சுழல வேண்டும். நீளமான கரண்டிக் காம்பொன்று கீழே நீட்டிக்கொண்டிருந்தாலும், பெரிய தாம்பாளம் ஒன்று சரிந்து நின்றாலும், கை நின்றுபோய், நீர் ஒரே இடத்தை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். பாத்திரங்களை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கினால் உள்ளிருப்பது நனைவதுமில்லை. எச்சிலை வழித்துப் போட்டுவிட்டு அப்படியே வைப்பதுதான் முறை. முன்பே சோப்புப் போட்டுக் கழுவி வைப்பது இரட்டை வேலை. நீரின் கலங்கலை அளக்கும் உணர்கருவியுள்ள யந்திரங்கள், நீர் தெளிவாயிருக்கக் கண்டு, அழுக்கில்லை என்றெண்ணிச் சுற்றைச் சுருக்கியும் விடுகின்றன.

உஷ்ணத்தைச் சோதிப்பது சுலபம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதை மார்கழி மாதத்தில் யாவரும் கண்டிருக்கிறோம், நெய்யும் அப்படியே. சூடேற்றும் கம்பி பழுதானால், ஒரு போசியிலிருந்து கழன்ற கொழுப்பு எல்லாப் போசிகளின்மேலும் மெல்லிய பிசுக்காகப் படிகிறது. கழுவும் கட்டத்தின் நடுவே, அரைமணி நேரம் கழித்து யந்திரத்தை நிறுத்திக் கதவை மெல்லத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்க வேண்டும். நீர் வெதுவெதுப்பாகக்கூட இல்லையெனில் அது மெக்கானிக்கின் வேலை, நாம் கைவைக்கலாகாது. தண்ணீரின் அழுத்தமும் கவனிக்கத்தக்கது. பத்து மீட்டர் உயரத்து நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். பல யந்திரங்களோ குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை வேண்டுகின்றன. ஒரே மாடி வீட்டில், தொட்டி தலைக்குமேல் மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருக்குமானால் அழுத்தம் விளிம்பில் நிற்கிறது என்பது கணக்கு. அத்துடன் நுழைவுக் குழாயின் சல்லடையில் மணல் சேர்ந்துவிட்டால், யந்திரம் அரை வயிற்றோடு வேலை செய்கிறது.

இவையெல்லாம் செவ்வையாக இருந்தும் வெண்படலம் போகவில்லையானால், காரணம் தண்ணீரின் உள்ளேயே இருக்கிறது. மலைமேல் பெய்த மழை, பழமையான கடும்பாறைகளின்மேல் விரைந்தோடி ஆறாகி வருவதனால் அதில் கரைந்துள்ள உப்புகள் குறைவு. மண்ணினூடே இறங்கிப் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கிய நீரோ, வழியிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு கடின நீராகிறது. அந்த நீரைச் சூடாக்கியவுடன், கரைந்திருந்த பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக் கல்லும், நம் டம்ளரின் மேல் படிகிற வெண்மையும் அடிப்படையில் ஒரே பொருள்தான். குளிர்ந்த நீரில் கழுவும் தொட்டியைவிட வெந்நீரில் கழுவும் யந்திரத்தில் இந்தத் தொல்லை மிகுவதற்கு இதுவே காரணம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கடமன்று. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து ஷெல்பிவில்லில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் அம்மையார், கணவரை இழந்து கடன் சுமையோடு நின்ற நிலையில், கம்பிக் கூடையில் பாத்திரங்களை நிறுத்தி நீரைப் பீறிட்டடிக்கும் யந்திரத்தை உருவாக்கி 1886-ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது புகழடைந்தது. ஆயினும் ஹோட்டல்கள் வாங்கிய அளவுக்கு வீடுகள் அதை வாங்கவில்லை. வீடுகளில் வெந்நீர் போதாமையும், பல இடங்களில் நீரின் கடினத்தன்மையால் சோப்பு நுரைக்காமையும் அதற்குரிய காரணங்களில் சேர்ந்தவை. பின்னர் டிரைபாலிபாஸ்பேட் என்னும் உப்பைச் சோப்புத் தூளில் சேர்த்து, கால்சியத்தைப் பிணைத்து வைக்கும் உபாயம் கண்டார்கள். அந்தப் பாஸ்பேட் ஏரிகளில் கலந்து பாசியைப் பெருக்குவது கண்டு, 2010-இல் அமெரிக்க மாகாணங்கள் பலவும், 2017-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதற்குக் கடும் வரம்பு விதித்தன. மாற்றத்தையொட்டி அங்கும் பாத்திரங்களில் வெண்படலம் படிகிறதென்ற முறையீடு எழுந்தது. ஏரிகளைக் காக்கும் பொருட்டு எடுத்த முடிவு சரியானதே. அதன் பயனாக, நீரை மென்மையாக்கும் பொறுப்பு சோப்பைவிட யந்திரத்தின் உப்புப் பெட்டியின்மேல் கூடுதலாக விழுந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அந்த உப்புப் பெட்டியைப் பற்றித் தெளிவு இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. வடிகட்டியின் அருகே மூடியிட்ட வாயாகத் தெரியும் அதனையடுத்து, ரெசின் மணிகள் நிறைந்த ஓர் அறை உண்டு; அம்மணிகள் நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தம்மிடம் பற்றிக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. பற்றிப் பற்றி நிறைந்துபோன மணிகளை மீண்டும் தயார்ப்படுத்துவது நாம் இடும் உப்பின் கரைசல். உப்புத் தீர்ந்துவிட்டால் மணிகள் செயலற்றுப் போய், கடின நீர் அப்படியே பாத்திரத்தின் மேல் விழுகிறது. சமையல் உப்பை இடலாகாது. அதன் நுண்ணிய பொடி கட்டிபிடிப்பதோடு, கட்டிபிடியாதிருக்கச் சேர்க்கும் பொருள்களும் பிற அசுத்தங்களும் மணிகளுக்குப் பகை. இதற்கென விற்கும் பரல் உப்பே தகும். எல்லாம் சேர்ந்த மாத்திரை என்று விளம்பரப்படுத்தப்படுபவை நடுத்தரமான கடினத்துக்குத் தாக்குப்பிடிக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீருக்கு அவற்றை நம்பி உப்பை விட்டுவிடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

படிந்துள்ள வெண்மை எதனாலானது என்பதை வீட்டிலேயே நிர்ணயிக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரின் பாதியை வினிகரில் சற்றுநேரம் ஊறவைத்துத் துடைத்தால், ஊறிய பாதி தெளிந்துவிடுமாயின் அது சுண்ணாம்பு. நாக்கில் வைக்க உப்புக் கரித்தால், உப்புப் பெட்டியின் மூடி சரியாகத் திருகப்படாமல் கரைசல் கசிகிறது என்று பொருள். இரண்டுமின்றி, எத்தனை துடைத்தும் மங்கலே நிலைக்குமாயின், கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிட்டது. நல்ல தண்ணீரை யந்திரம் தேவைக்கு மேல் மென்மையாக்கியதால் நேரக்கூடிய இந்தச் சேதத்துக்குப் பரிகாரம் இல்லை. சுண்ணாம்பானால், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைக் காலி யந்திரத்தில் இட்டு அதிக உஷ்ணத்தில் ஒரு சுற்று ஓட்டினால் படிவு கரைந்துவிடும். அப்போது பிளீச்சிங் பொருள் எதையும் கூடவே சேர்க்கலாகாது. நச்சு வாயு கிளம்பும்.

இனி, யந்திரத்தில் கடினத்தின் அளவைக் குறித்து வைக்கும் ஏற்பாடு. ஆர்.ஓ. விற்பனையாளர் நீரில் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரின் எண்ணை இதற்கு எடுத்துக்கொள்வது பிசகு. அது கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுவது, கடினத்துக்குக் காரணமானவை அவற்றில் ஒரு பகுதியே. கடினத்தைக் காட்டும் சோதனைத் தாள் மலிவானது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் நீரைக் கொடுத்துப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தை ஏற்கத்தக்கதென்றும், வேறு நீர் கிடையாதபோது 600 வரை பொறுக்கலாமென்றும் சொல்கிறது. யந்திரத்தின் கையேட்டில் ஜெர்மன் டிகிரிக் கணக்கு இருந்தால், ஒரு டிகிரிக்கு 17.8 மில்லிகிராம் என்று வகுத்துக்கொள்ள வேண்டும். விற்பனைக்காரர் பொருத்திய அன்று எந்த எண்ணை வைத்துவிட்டுப் போனாரோ அதுவே நிரந்தரமாக நின்றுவிடுவது பல வீடுகளின் வழக்கம். இரண்டு விதத் தண்ணீர் மாறிமாறி வரும் மேட்டுப்பாளையம் போன்ற ஊருக்கு அது சற்றும் பொருந்தாது. பங்குனி, சித்திரையில் ஆற்று நீர் சுருங்கி, தொட்டிக்குள் கிணற்று நீர் ஏறத் தொடங்கும்போது எண்ணை உயர்த்தி உப்பை நிரப்ப வேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையால் பவானி பெருகி நல்ல தண்ணீர் தாராளமாகும்போது அதைத் தாழ்த்திவிட வேண்டும். சோதனைக்கு எடுக்கும் நீரும், குடிப்பதற்குப் பிடிக்கும் குழாயிலிருந்து அல்லாமல், யந்திரத்துக்குப் போகும் குழாயிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். ஒரே சமையலறையில் இவ்விரண்டும் வெவ்வேறு தொட்டிகளிலிருந்து வருகிற வீடுகள் இந்தப் பக்கத்தில் அநேகம்.