மீனுக்கும் கவலை உண்டு

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

எங்கள் பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் மழை பெய்து ஏரி நிறைந்ததும் கெண்டைக் குஞ்சுகளை வாங்கி வந்து விடுவதுண்டு. பண்ணையில் துள்ளித் திரிந்த குஞ்சுகளில் சில, ஏரிக்கு வந்த சில நாட்களிலேயே சிவந்த புண்களோடு மிதக்கும். "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள் பெரியவர்கள். ஆனால் காரணம் பல வேளைகளில் மீனின் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

நமக்கு இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகின்றன. மீனிடம் அவ்வேலையைச் செய்வது சிறுநீரகத்தின் முன்பகுதியாகிய 'தலைச் சிறுநீரகம்'. கிருமிகளை விழுங்கும் அணுக்களும், எதிர்ப்பொருள்களை ஆக்கும் அணுக்களும் அங்கே பிறக்கின்றன. வியப்பு என்னவெனில், கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் செல்களும் அதே உறுப்பில்தான் குடியிருக்கின்றன!

வலையில் சிக்குதல், நெரிசல், பிராணவாயுக் குறைவு ஆகியவை மீனுக்கு நேரும் துன்பங்கள். அப்போது மூளை பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி தலைச் சிறுநீரகத்தைத் தூண்டுகிறது, கார்ட்டிசால் பெருகுகிறது. சிறிது நேரத்திற்கு இது நன்மையே. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, தப்பியோட ஆற்றல் தருகிறது. நாட்கணக்கில் நீடித்தாலோ வெள்ளையணுக்கள் குறைகின்றன. எதிர்ப்பொருள் உற்பத்தி தளர்கிறது. நீரில் எப்போதும் வாழும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியங்கள் சமயம் பார்த்துப் புகுந்துவிடுகின்றன.

எல்லா ஹார்மோன்களும் பகையல்ல. பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் புரோலாக்டினும் கிருமி விழுங்கும் அணுக்களை ஊக்குவிக்கின்றன. இனப்பெருக்கக் காலத்திலோ நிலைமை மாறுகிறது. முட்டையிட ஆற்றில் ஏறும் பசிபிக் சால்மன் மீனின் உடலில் கார்ட்டிசால் மிகுந்து, எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. முட்டையிட்ட பின் அது மடிந்துபோகிறது.

இந்தப் பிட்யூட்டரி நம் நாட்டு மீன் வளர்ப்போருக்குப் புதியதன்று. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரி அவர்கள், பிட்யூட்டரிச் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். அதுவரை ஆற்றில் அள்ளிவந்த குஞ்சுகளைப் பண்ணையிலேயே பெற அது வழி திறந்தது. குஞ்சைத் தந்த அதே சுரப்பிதான், அக்குஞ்சு துன்புறும்போது கார்ட்டிசாலையும் தூண்டிவிடுகிறது.

ஆகவே மருந்தைத் தேடுமுன் மீனின் துன்பத்தைக் குறைப்போம். குளிர்ந்த காலைவேளையில் வலை வீசுவோம். பையில் குஞ்சுகளை நெருக்கி அடைக்காதிருப்போம். கொண்டுவந்த பையைக் கால்மணி நேரம் ஏரியில் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் ஒன்றான பின் ஏரி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து குஞ்சுகளை விடுவோம். காசில்லாத இந்தக் கவனமே மீனுக்கு நாம் தரும் முதல் மருந்து.