உங்களுக்குத் தெரியுமா? தடிக்கும் இதயத்துக்கு மஞ்சள் மருந்தாகுமா?

ரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாமல் இருந்தால், அதை எதிர்த்து உழைக்கும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகும். பல ஆண்டுகள் வெளியே எதுவும் தெரியாது. பிறகு மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

இந்தத் தடிப்பைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடுவதில் பி300 என்ற நொதிக்குப் பங்கு உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் அந்த நொதியை அடக்குகிறது என்று 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். இதயம் தடிப்பதும் செயலிழப்பதும் அவற்றில் குறைந்தன. மனிதருக்கு இது இன்னும் மருந்தாகவில்லை. குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மஞ்சள் தூளிலும் அது சுமார் 3 சதவீதம்தான். குழம்பில் போடும் மஞ்சள் தடித்த இதயத்தைச் சரிசெய்துவிடாது.

செடி என்பதாலேயே எல்லாம் மஞ்சளைப் போலத் தீங்கற்றது என்று எண்ணிவிடாதீர்கள். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் வறட்சியிலும் பூக்கும் அரளியில் இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் டிஜாக்சினும் அதே வகைதான், அதுவும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். ஆனால் டிஜாக்சின் அளந்து தரப்படும் மருந்து. அரளி விதை உயிரைப் பறிக்கும் நஞ்சு. கைவைத்தியம் என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம் என்று உழைக்கும் அன்பர்களே, 30 வயதைத் தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பாருங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தகுதியுள்ளோருக்கு ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வரும். மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள்.