வீடு தேடி வரும் வேலை: விழிப்பும் தெளிவும்

'விளம்புதல்' என்னும் சொல்லுக்கு எடுத்துரைத்தல் என்பது பொருள். தென்மாவட்டங்களில் பந்தியில் உணவு பரிமாறுதலையும் விளம்புதல் என்றே வழங்குவர். விளம்பரமும் ஒருவகைப் பரிமாறலே. ஆயின், இலை பெரிதாக இருப்பதும் விளம்புவோர் இனிமையாகப் பேசுவதும் மட்டுமே விருந்தாகிவிடா. இலையில் விழுவது யாதென நோக்குதல் வேண்டும். "வீட்டிலிருந்தபடியே பல்லாயிரம் ஈட்டலாம்" எனச் சுவரொட்டியிலும் கைப்பேசித் திரையிலும் நாள்தோறும் விளம்பப்படும் விருந்தினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வீட்டுத்தொழிலும் புதிய விளம்பரமும்

வீட்டிலிருந்து உழைத்தல் நமக்குப் புதிதன்று. மேலப்பாளையத்து மகளிர் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றி வருகின்றனர். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோர் வீட்டுத் தறியிலேயே நெய்தனர். பீடித்தொழிலில் இலையும் தூளும் கொடுத்து, சுற்றித் தந்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வழங்குவர். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என்றே ஏற்றது. அத்தொழிலில் கூலி குறைவு. உடல்நலக் கேடும் உண்டு. எனினும் ஓர் உண்மை அதில் தெளிவாக விளங்குகிறது. பணம் வேலை கொடுப்பவரிடமிருந்து உழைப்பவரை நோக்கியே வருகிறது. பொய் விளம்பரங்களிலோ பணம் எதிர்த்திசையில் செல்கிறது. பதிவுக்கட்டணம், பயிற்சிக்கட்டணம், காப்புத்தொகை எனப் பெயர் மாறினும் கொடுப்பவர் உழைக்க வந்தவரே. உண்மையையும் போலியையும் பிரித்தறிய இதனினும் சிறந்த உரைகல் வேறில்லை.

ஒரு மாணவியின் கண்ணீர்

சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி என் மேசை முன் வந்து நின்று அழுதாள். தந்தையை இழந்த அவள், தட்டச்சு வேலை தருவதாகக் கூறிய ஒரு நிறுவனத்திற்குத் தன் உம்மாவின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தாள். இரவு பகலாகப் பக்கங்களைத் தட்டச்சிட்டு அனுப்பினாள். 'நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விழுக்காடு பிழையின்மை இல்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், இழப்பீடு செலுத்தாவிடில் காவல்துறை வரும்' என்று மறுமொழி வந்தது. "ஐயா, உம்மாவுக்கு இன்னும் தெரியாது. போலீஸ் வந்தால் எங்கள் தெருவில் தலைநிமிர முடியுமா?" என்று அவள் கேட்டது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. பணத்தைப் பறித்ததோடு நில்லாமல், மானத்திற்கு அஞ்சும் குடும்பங்களின் அச்சத்தையும் முதலாக்குவதே இவ்வஞ்சகத்தின் கொடிய பகுதி.

உண்மையில் ஒப்பந்த மீறல் என்பது உரிமையியல் நீதிமன்றத்திற்கு உரியது. அதன் பொருட்டு மட்டும் எவரையும் கைது செய்ய இயலாது. வஞ்சித்துப் பெற்ற இசைவை ஏமாற்றப்பட்டவர் மறுத்து ஒதுக்கலாம் என 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே கூறுகிறது. இதனை அறிந்தபின் அம்மாணவி மேலும் பணம் அனுப்பவில்லை. மிரட்டல் சில கிழமைகளில் ஓய்ந்தது. வளையல் மட்டும் மீளவில்லை.

வஞ்சகத்தின் பல முகங்கள்

முதலாவது, 'திருப்பி வாங்கிக்கொள்கிறோம்' என்னும் உறுதிமொழி. எந்திரத்தையோ மூலப்பொருளையோ விற்று, விளைபொருளைத் தாமே வாங்குவதாகக் கூறுவர். பின்னர்த் தரமில்லை எனத் தள்ளுவர். ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் 2012இல் சரிந்த ஈமுக்கோழி வளர்ப்புத் திட்டங்கள் இதற்குப் பெருஞ்சான்று. பறவைக்குச் சந்தையே இல்லாதபோது மாதந்தோறும் வந்த தொகை, பின்னால் சேர்ந்தோரின் முதலீடே. நிறுவனங்கள் மூடப்பட்டபின் பசித்த பறவைகளுக்கு அரசே தீனியிட நேர்ந்தது.

இரண்டாவது, ஆள்சேர்ப்புச் சங்கிலி. ஒருவர் அறுவரைச் சேர்க்க, அவ்வறுவரும் தலைக்கு அறுவரைச் சேர்ப்பதாகக் கொள்வோம். ஐந்தாம் படியில் 7,776 பேர். பதின்மூன்றாம் படியிலோ 1,306 கோடிப் பேர் வேண்டும். உலக மக்களே ஏறத்தாழ 800 கோடியினர் என்றால், கடைசியில் சேர்ந்தவர் யாரிடம் செல்வார்? இத்தகைய பணச்சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. 2021இன் நேரடி விற்பனை விதிகளும் இவ்வகைச் சங்கிலியை விலக்குகின்றன.

மூன்றாவது, கைப்பேசி வழியே வருவது. காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் முதலில் நூறோ இருநூறோ உண்மையாகவே தருவர். அது தூண்டிற்புழு. பின்னர்ப் 'பெரிய பணி'க்கு முன்பணம் கேட்பர். கணக்கில் இலாபம் ஏறியதாகத் திரை காட்டும். எடுக்க முயன்றாலோ வரி எனக் கூறி மேலும் கேட்பர். இன்னும் சிலர் மாணவரின் வங்கிக் கணக்கையே வாடகைக்குக் கேட்கின்றனர். திருட்டுப் பணம் அதன்வழிச் சென்றால் கணக்கு முடக்கப்படுவதோடு, மாணவரே வழக்கில் சிக்கவும் நேரும்.

அறநூல்கள் காட்டும் நெறி

தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் காணுமாறு அதனை மேலே வைக்கலாகாதா என வணிகரைக் கேட்டதாக நபிமொழி கூறும். வணிகருக்கு அது எச்சரிக்கை. வாங்குவோர்க்கோ குவியலினுள் கைவிட்டுப் பார்க்கும் பாடம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியதே என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. வரப்போகும் ஊதியத்தை எண்ணிக் கைம்முதலை இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கார் என்பது 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி.

செய்யத்தக்கன

வேலைக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துக. நிறுவனத்தின் முகவரிக்கு நேரில் சென்று காண்க. இன்றே முடிவு செய்க என்று விரைவுபடுத்துவோரை ஐயுறுக. கையொப்பமிடுமுன் மூத்தோர் ஒருவரிடம் படித்துக் காட்டுக. இணையவழியில் பணம் இழந்தால் காலம் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் முறையிடுக. விரைந்து கூறினால் பணத்தை இடையிலேயே தடுக்கும் வாய்ப்புண்டு. ரசீதையும் உரையாடல்களையும் அழித்துவிடலாகாது.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஏமாந்தவரை 'பேராசைக்காரர்' என இகழ்வதால், அடுத்து ஏமாறுபவர் வாய்திறவாது போவார். வறுமையே பலரை இவ்வலையில் வீழ்த்துகிறது. ஆதரவற்ற பெண்டிர்க்கு ஜமாஅத்துகள் வட்டியில்லாச் சிறுகடனும் நேர்மையான தொழிற்பயிற்சியும் வழங்குமாயின், பொய்விளம்பரத்தின் கதவைத் தட்ட வேண்டிய தேவையே பல வீடுகளுக்கு இராது. அன்று வளையலை அடகு வைத்த அம்மாணவி அதற்கு முன்னரே எவரேனும் ஒருவரிடம் மனம் திறந்திருந்தால் அது காப்பாற்றப்பட்டிருக்கும். அவ்வாறு கேட்கத்தக்க ஒருவராக ஆசிரியரும் பெற்றோரும் பெரியோரும் விளங்குவோமாக.