கருவிலேயே ஸ்டெம் செல் சிகிச்சை: எதுவரை வந்திருக்கிறது?

பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, மூன்றாம் நாள் சுருண்டு படுக்கிறது. வாந்தி, வேகமான மூச்சு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம். கிருமித் தொற்று என்று மருந்து ஏற்றுகிறார்கள், பிள்ளை பிழைப்பதில்லை. அடுத்த பிள்ளைக்கும் அப்படியே நடந்தால், பரம்பரையாக வரும் கல்லீரல் கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கல்லீரலில் ஒரு என்சைம் குறைவதால், புரதத்திலிருந்து வரும் அம்மோனியா ரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்குகிறது. வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடலே அதைச் சுத்தம் செய்துவிடுவதால், பிறக்கும்போது எதுவும் தெரியாது.

இவற்றில் பெரும்பாலானவை தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணுக் குறையால் வருபவை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், மாமி மகன் என்று சொந்தத்தில் முடிக்கும்போது இது கூடுகிறது. நம் சமுதாயத்தில் மட்டுமல்ல, நம் மாவட்டத்தில் எல்லாரிடமும் உள்ள வழக்கம்தான் இது.

கருவிலேயே ஸ்டெம் செல் செலுத்திச் சரிசெய்யலாமாமே என்று கேட்கிறார்கள். யோசனை நல்லதுதான். கருவின் எதிர்ப்பு சக்தி முதிராததால், வெளியிலிருந்து வரும் செல்லை அது விரட்டாது என்று எதிர்பார்த்தார்கள். 1988-ல் பிரான்சின் லியோன் நகரில் எதிர்ப்பு சக்திக் குறைபாடுள்ள ஒரு கருவுக்கு இதைச் செய்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் ஆல்ஃபா தலசீமியா உள்ள கருவுக்குத் தாயின் எலும்பு மஜ்ஜை செல்லையே தொப்புள்கொடி வழியாகக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். தாயின் செல்லைக் கரு ஏற்கும் என்பது கணக்கு. ஆனால் கல்லீரல் கோளாறுக்கு இது இன்னும் ஆராய்ச்சிதான். வழக்கமான சிகிச்சையாக எங்கும் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு, ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை தருவது நெறிமீறல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-லேயே சொல்லிவிட்டது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்பவர்களும் வருவார்கள். பிள்ளையின் சொந்த ரத்தத்திலும் அதே குறைதானே இருக்கும்!

நம் கைக்கு எட்டுவது வேறு. நோய்வாய்ப்பட்ட பிள்ளைக்கு அம்மோனியா அளவு பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் ரத்தம் சில துளியை வடிகட்டித்தாள் அட்டையில் எடுத்து வைக்கக் கேளுங்கள். பிள்ளை பிழைக்காவிட்டாலும் அந்த அட்டையிலிருந்து மரபணுக் குறையைக் கண்டுபிடிக்க முடியும். அன்றே அடக்கம் செய்துவிடுகிறோம். பிறகு தேடினால் கிடைக்காது.

குறை தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடியில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். கருவைக் கலைக்கச் சொல்வார்களோ என்று பயந்தே பலர் இதற்குப் போவதில்லை. யாரும் வற்புறுத்த முடியாது. மார்க்க விளக்கத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தைத் தொடர்பவர்களுக்கும் இந்தச் சோதனை உதவும். பிறந்த முதல் மணி நேரத்திலிருந்தே மருந்தும் தனிப் பாலும் தயாராக இருக்கும். பிறகு தேவைப்பட்டால் கல்லீரல் மாற்று. பெரும்பாலும் பெற்றோரே தானம் தரலாம். மயிலாடுதுறை பக்கம் கிளியனூரில் பிறந்த டாக்டர் முகமது ரேலா, 1997-ல் லண்டனில் ஐந்தே நாள் குழந்தைக்குக் கல்லீரல் மாற்று செய்தவர். இப்போது சென்னை குரோம்பேட்டையில் இருக்கிறார். செலவுக்கு, 2021 அரிய நோய்க் கொள்கையின் கீழ், அங்கீகரித்த மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் விசாரியுங்கள்.

வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருப்பவர்கள், முன்பு பிள்ளையை இழந்திருந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கீழே இறங்கிவிடுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவாருங்கள்.