எம்ட்டி சால்னா எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வருகிறவருக்காக வீட்டில் விடிந்ததிலிருந்தே அடுப்பு எரியும். நெய்ச்சோறு, கறி ஆணம், வட்டிலப்பம் என்று உம்மாவும் லாத்தாமாரும் ஆக்கி அடுக்கியிருப்பார்கள். வந்தவரும் வயிறாரச் சாப்பிடுவார். பொழுது சாய்ந்ததும், "சும்மா பஜார் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று கிளம்புவார். ஊர் கீழக்கரையோ, பெரியபட்டினமோ, தொண்டியோ, அவர் போய் நிற்கும் இடம் பரோட்டாக் கல்லுக்கு முன்னால்தான்.

வீட்டுச் சாப்பாட்டுக்கான ஏக்கத்தைப் பற்றி எழுதாத ஆளில்லை. கடைச் சாப்பாட்டுக்கான ஏக்கம்தான் வெளியே சொல்லப்படாதது. உம்மா கை ஆணத்துக்கு ஏங்கினேன் என்றால் வீடே பூரித்துப்போகும். ரோட்டுக்கடைச் சால்னாவுக்கு ஏங்கினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

வானம் பார்த்த பூமியான இராமநாதபுரம் சீமையில் பிழைப்புக்குக் கடல் கடப்பது பல தலைமுறைப் பழக்கம். முன்பு இலங்கை, பர்மா, மலாயா. இப்போது வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா. 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, மாநிலம் முழுவதிலுமிருந்து வெளிநாடு போனவர்களைச் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு. அடுத்து ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா. போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஊரில் கரண்டி பிடித்து அறியாதவர்கள், அங்கே போய்த்தான் சமைக்கக் கற்றார்கள். கற்றதில் வீட்டுக் குழம்பு எப்படியோ படிந்துவிட்டது. உம்மாவிடமோ மனைவியிடமோ போனில் கேட்டு, பக்குவம் தெரிந்துகொண்டால் நான்காவது முறை சரியாக வரும். சால்னா மட்டும் வருவதில்லை. அதே மசாலா, அதே அளவு, வீடியோவில் காட்டிய அதே வரிசை. ஆனாலும் தட்டில் விழுவது என்னவோ குருமாதான்.

காரணத்தைத் தெரிந்துகொள்ள, கடையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சால்னா வேலை மத்தியானமே தொடங்கிவிடும். பெரிய சட்டியில் எண்ணெய் காய்ந்து பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, கல்பாசி பொரியும். வெங்காயமும் தக்காளியும் கிலோக் கணக்கில் விழுந்து வதங்கும். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள், பிறகு தேங்காய், சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை சேர்த்து அரைத்த விழுது. தண்ணீர் தாராளம். கொதி வந்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கிடக்க வேண்டும். கறி போடாமல் இப்படி இறக்குவதுதான் எம்ட்டி சால்னா. அதில் கறியே படவில்லை என்று நம்புகிறவர்கள் அப்பாவிகள். எத்தனையோ கடைகளில் எலும்பும் கோழிக் கழுத்தும் வெந்த தண்ணீர் அதற்குள் போயிருக்கும். பக்கத்துச் சட்டியில் கொதிக்கும் கோழிக் குழம்பும், ஆட்டுக்கறிக் குழம்பின் வண்டலும் அவ்வப்போது கரண்டி கரண்டியாகச் சேரும். சட்டி இறங்க இறங்க வெந்நீரும் மசாலாவும் மேலே ஏறும். ஏழு மணிக்கு ஊற்றிய சால்னாவும் பத்து மணிக்கு ஊற்றிய சால்னாவும் ஒன்றல்ல. நாக்குள்ளவர்கள் பத்து மணிக்குத்தான் போவார்கள்.

ஆக, அந்த ருசிக்கு ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. நூறு பேர் சாப்பிடும் சட்டியில், குழம்பின் அளவோடு ஒப்பிட்டால் நீர் ஆவியாகும் பரப்பு குறைவு. அதனால் மணிக்கணக்கில் கொதித்தாலும் குழம்பு சுண்டிப்போகாது. வீட்டில் நான்கு பேருக்கு வைத்த குழம்பை அவ்வளவு நேரம் விட்டால் அடிபிடித்துத் தேங்காய் திரிந்துபோகும். கறி, கோழி, முட்டை, ஈரல் என்று நாலைந்து குழம்புகள் ஒரே நேரத்தில் கொதிக்கும் அடுக்களை எந்த வீட்டில் இருக்கிறது? எண்ணெய் விஷயத்தில் வீட்டுப் பெண்களுக்கு இருக்கும் மனசாட்சி கடைக்காரருக்குக் கிடையாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த ரகசியத்தைத் தேடி அலைந்தவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். பிரிட்டனின் இந்திய உணவகங்களில் பெரும்பான்மையை நடத்தியவர்கள், இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள். கப்பல்களில் வேலை பார்த்து லண்டனில் கரையேறியவர்கள் அவர்களுக்கு முன்னோடிகள். அவர்கள் கடைகளில் வெங்காயத்தைப் பெரும் அளவில் வேகவைத்து, இஞ்சி பூண்டோடு மைய அரைத்து, மசாலா சேர்த்து ஒரு பொதுக் குழம்பு தயாராக இருக்கும். கேட்டது எந்தக் கறியானாலும் அதிலிருந்து மொண்டு, முன்பே வெந்த இறைச்சியோடு பெருந்தீயில் புரட்டி சில நிமிடங்களில் தட்டுக்கு வந்துவிடும். வீட்டில் அது ஏன் வருவதில்லை என்று ஆங்கிலேயர்கள் வெகுகாலம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1989-இல் கிரிஸ் தில்லன் எழுதிய 'தி கறி சீக்ரெட்' என்ற புத்தகம் அந்தப் பொதுக் குழம்பை வெளியே போட்டு உடைத்தது. ஸ்பெயினுக்குக் குடிபோன ஆங்கிலேயர் இன்று அங்கே உட்கார்ந்து வெங்காயம் அரைப்பது, உண்மையில் பர்மிங்காம் தெருக்கடை ஒன்றுக்காகத்தான். சால்னாவைத் தேடுகிறவருக்கு அந்த வலி புரியும்.

கூட்டத்தையும் சேர்த்துக் கடல் கடத்திய இடம் என்றால் அது பினாங்கு. பனைக்குளம், சித்தார்கோட்டை, அழகன்குளம் போன்ற ஊர்களுக்கும் மலாயாவுக்கும் இருந்த போக்குவரத்து, அந்த வழியில் ஆட்களை ஏற்றிச் சென்ற ரஜுலா கப்பல் காலத்துக்கும் முந்தையது. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தடியின் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புகளுமாகத் தோளில் சுமந்து விற்றார்கள். அதுதான் நாசி கண்டார். 1907-இல் கேம்பல் தெருவில் முகம்மது தம்பி ராவுத்தர் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் நடக்கிறது. அங்கே தட்டில் சோற்றை வைத்து, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, மாட்டுக்கறிக் குழம்பில் ஒரு கரண்டி என்று மேலேமேலே ஊற்றுவார்கள். சோறு மூழ்கும் அளவுக்கு வேண்டுமென்றால் அதற்கும் தனியாகச் சொல்லலாம். இந்தக் கலவைதான் அதன் ருசி என்று பினாங்குக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ஊரில் சட்டிக்குள் சத்தமில்லாமல் நடந்த கலப்பு, அங்கே எல்லோரும் பார்க்கத் தட்டிலேயே நடக்கிறது. நாட்பட நாட்பட மலாய் ருசியும் சீனர்களின் சோயா சாற்றுக் கோழியும் அதற்குள் வந்துவிட்டன. குழம்பு வைக்கும் சமையற்காரருக்கு மட்டும் பண்டாரி என்ற ஊர்ப் பெயரே நிலைத்திருக்கிறது.

வளைகுடாவில் இப்படி ஊன்றி உட்கார வழியில்லை. அங்கே குடியுரிமை எளிதில் கிடைக்காது. விசா இருக்கும்வரைதான் வாழ்க்கை. கடைகளுக்குப் பஞ்சமில்லை. சரவண பவன் 2000-இலேயே துபாய்க்குப் போய்விட்டது, அஞ்சப்பரும் போனது. தெருவுக்குத் தெரு மலையாளிகளின் கடை, பரோட்டாவும் அருமையாக இருக்கும். ஆனால் அதோடு வருவது கெட்டியான கறி. பிய்த்துப் போட்ட பரோட்டாவை ஊற வைக்க அது ஆகாது. "பரோட்டா ஓகே காக்கா, ஊத்துறதுக்குத்தான் ஒண்ணுமில்ல" என்ற புலம்பல் அந்த மேசைகளில் பழகிப்போன ஒன்று.

எனவே முயற்சி பேச்சிலர் ரூமுக்குத் திரும்புகிறது. எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கும் அறையில் மாதக் கணக்குப் போட்டு மெஸ் நடக்கும். சமையல் முறைவைத்து வரும். வெள்ளிக்கிழமை விடுமுறை உள்ள இடங்களில் வியாழன் இரவுதான் விசேஷம். இந்த ரூம்களில் வரும் சால்னா, லண்டனிலோ நியூஜெர்சியிலோ கணவனும் மனைவியுமாக இருக்கும் வீட்டில் வருவதைவிட ஊர் ருசிக்கு நெருக்கமாக இருப்பதில் வியப்பில்லை. பத்துப் பேருக்கான சட்டி, மதியம் வைத்த கோழிக் குழம்பின் மிச்சம், எண்ணெய்க்குக் கணக்குக் கேட்க ஆளில்லாமை: மூன்றும் அங்கே அமைந்துவிடுகின்றன.

இடிப்பது கசகசாதான். கசகசா அபினிச் செடியின் விதை. அமீரகம், சவூதி, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் போதைப்பொருள் சட்டத்தின் பார்வை அதன்மேல் இருக்கிறது. விவரம் தெரியாமல் மசாலாப் பொட்டலத்தோடு கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வினை. அதனால் பெட்டி கட்டும்போது பெரியவர்கள் முதலில் கேட்பது, "கசகசா இல்லையே?" என்பதுதான். அங்கே முந்திரியோ கூடுதல் பொட்டுக்கடலையோ அரைத்துச் சமாளிக்கிறார்கள். பதம் வந்துவிடும், அந்த மணம் வராது. அமெரிக்காவில் தொல்லை வேறு விதம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி வரும் என்று இந்தியாவிலிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக அங்கே தடை. கொத்துக் கறிவேப்பிலைக்குக் கடையில் கொடுக்கும் டாலரைக் கேட்டால் ஊரில் மயக்கம் போடுவார்கள்.

மிளகாயும் அப்படித்தான். பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் விளையும் உருண்டையான, தடித்த தோல் கொண்ட முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அது பெட்டியில் ஏறிவிட்டது. மில்லில் அரைத்த தூள் இரண்டு கிலோ, பிளாஸ்டிக் உறைக்குள் உறை போட்டு டேப் சுற்றி, தொதலுக்கும் கருவாட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். அது தீர்ந்த பிறகுதான் சக்தி, ஆச்சிப் பொட்டலங்கள். மீன் பாடு பரவாயில்லை. அமீரகத்துச் சந்தையில் ஷேரி என்று விற்பது நம் விளமீன் இனம்தான் என்று பாம்பன்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

பொருள் எல்லாம் கிடைத்தாலும் மணம் ஒரு தடை. அடுக்குமாடியில் ஜன்னல் திறந்தால் பக்கத்து வீடு, திறக்காவிட்டால் புகை எச்சரிக்கை மணி. சிங்கப்பூரில் இந்தியக் குடும்பம் ஒன்றின் கறி வாசனை தாங்கவில்லை என்று, சீனாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டார் முறையிட்டார்கள். சமரச மையத்தில் பேசி, அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பதென்று முடிவானது. 2011-இல் இந்தச் செய்தி வெளியே வந்ததும் ஊரே கொதித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லா வீட்டிலும் ஒரு சட்டி கறி வைப்போம் என்று அழைப்பு போனது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பல்லாயிரம் பேர் சமூக ஊடகத்தில் கைகோத்தார்கள்.

பரோட்டாவைப் பொறுத்தவரை, வெளிநாட்டு வீடுகளில் மாவு பிசைந்து வீசும் வேலையே இப்போது இல்லை. மலேசியாவின் கவான் போன்ற நிறுவனங்கள் உறைய வைத்த பரோட்டாவைப் பாக்கெட்டில் உலகம் முழுக்க அனுப்புகின்றன. இங்கிருந்து போனவர்கள் மலாயாவில் ரொட்டி சானாயாகப் பரப்பிய பரோட்டா, அங்கே ஆலைப் பொருளாகி, அமெரிக்கத் தமிழரின் குளிர்பெட்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சால்னாவை இன்னும் யாராலும் அப்படிப் பாக்கெட்டில் அடக்க முடியவில்லை. அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு.

ஏக்கம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. தொதல் இன்று கீழக்கரையின் அடையாளம். மலாய் உலகத்தின் தோடோலிலிருந்து வந்த பண்டம் அது. அதேபோல வளைகுடாவில் பத்து, இருபது ஆண்டு இருந்து திரும்பியவர்களுக்கு இப்போது அரபுக் கடைச் சாப்பாடு இல்லாமல் முடிவதில்லை. இராமநாதபுரத்திலும் சுற்றுப்பட்டுக் கடற்கரை ஊர்களிலும் மந்தியும் ஷவர்மாவும் வந்துவிட்டன. மந்தி ஏமனின் ஹத்ரமௌத் பகுதிச் சமையல். தரைக்குள் தோண்டிய அடுப்பில் இறைச்சியைத் தொங்கவிட்டு, அதன் கொழுப்பு கீழே வேகும் சோற்றில் சொட்டும்படி மூடி வைப்பார்கள். இங்கே குழி வெட்ட இடமில்லாத கடையில், சட்டிக்குள் சின்னக் கிண்ணத்தில் கரித்துண்டை வைத்து எண்ணெய் ஊற்றி மூடிப் புகை போடுகிறார்கள். சஹன் என்னும் பொதுத் தட்டைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய ஊர் என்பதால் பெரிய தட்டு யாருக்கும் புதிதாக இல்லை. ஆனால் ரியாத்திலிருந்து திரும்பியவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "சோறு சரி, புகை பத்தாது மாப்ள" என்கிறார்.